சஷ்டி நாளில் எடுத்த ரத்தம்

மக்கா,

இந்தக் கடிதத்தை உனக்க பெட்டியில, நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்துக்கு அடியில வைக்கிறேன். மஸ்கட்டுக்குப் போய்ச் சேந்து, அறை கிடைச்சு, குளிச்சு, ஒரு சாயாவும் குடிச்ச பிறகு எடுத்து வாசி. பிளேனில வாசிக்காண்டாம். பக்கத்து சீட்டுக்காரன் எட்டிப் பாப்பான், உனக்குக் கண்ணு நிறைஞ்சாலும் துடைக்க ஒரு மறைவு கிடைக்காது. நேர்ல சொல்லியிருக்கலாமேன்னு நீ கேப்பே. நேர்ல நான் வாயைத் திறந்தா ஒண்ணு ஏச்சா வரும், இல்லேன்னா அழுகையா வரும். இது ரெண்டிலயும் அடங்காத காரியம். ரெண்டு வருஷத்துக்கு மேல நெஞ்சில வச்சுக்கிட்டிருக்கேன். நேத்து உனக்க அலமாரியை ஒதுக்கும்போது பழைய லேப் நோட்டு ஒண்ணு கையில கிடைச்சுது. அதில ஒரு பக்கத்தை வாசிச்ச பிறகு இனி எழுதாம இருக்க முடியாதுன்னு ஆயிப்போச்சு. அந்தப் பக்கத்தைப் பத்திக் கடைசியில சொல்லுறேன். முதல்ல நான் செய்த தப்பைச் சொல்லிப்போடணும்.

தப்பு ஒண்ணா ரெண்டா. நீ லேப் படிப்புக்குச் சேரப் போறேன்னு சொன்ன அன்னைக்கு நான் கேட்டது உனக்கு ஓர்மை இருக்கும். "கண்டவனுக்க மூத்திரத்தையும் சளியையும் தொட்டுப் பாக்கவா உன்னைப் பெத்தேன்"னு கேட்டேன். உங்க அப்பா வில்லேஜ் ஆபீஸ்ல கிளார்க்கா இருந்தவிய. நீயும் ஒரு நாற்காலியில இருந்து பேனா பிடிப்பேன்னு நான் அமரவிளை வரைக்கும் உள்ள சொந்தக்காரங்க எல்லாருக்கிட்டயும் சொல்லி வச்சிருந்தேன். எனக்க வார்த்தை போச்சேன்னுதான் எனக்கு ஆத்திரம். மூணு நாள் உனக்கு சோறு விளம்பினேன், முகத்தைப் பாக்கல்ல. நீ சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போய் அப்ளிகேஷன் வாங்கிக்கிட்டு வந்தே. உனக்க பிடிவாதம் எங்கேருந்து வந்துதுன்னு உங்க அப்பா கேட்டாவ. எங்கேருந்து வரும், என்கிட்டேருந்துதான்.

எனக்க உடம்பு மாறத் தொடங்கினது நீ பாறசாலை சந்தியில உள்ள அந்தச் சின்ன லேபில வேலைக்குச் சேந்த வருஷமாக்கும். முதல்ல முகம் உருண்டுது. கன்னம் ரெண்டும் சிவந்துது. பக்கத்து வீட்டிலிருந்து உங்க அத்தை வந்து பாத்துட்டு, "கொள்ளாமே மைனி, மகன் நாலு காசு சம்பாதிக்கத் தொடங்கினதும் முகத்தில ஒரு களை வந்துட்டு"ன்னு சொன்னா. உள்ளதைச் சொல்லுறேன், எனக்கும் பிடிச்சுதான் இருந்துது. கண்ணாடியில ரெண்டு தடவை பாத்தேன். பிறகு வயிறு தள்ளிச்சு. பிடரியில ஒரு திமிலு போல சதை ஏறிச்சு. ஆனா கையும் காலும் மட்டும் நாளுக்கு நாள் மெலிஞ்சுது. அம்மியில அரைச்சுட்டு எழும்ப சுவரைப் பிடிக்கணும். கதவு லேசா இடிச்சாலும் நீலம் பாரிச்சு பத்து நாள் நிக்கும். குணமும் மாறிப்போச்சு. ரசத்துக்கு உப்பு இல்லேன்னு ஒரு வார்த்தை சொன்னதுக்கு உங்க அப்பாவுக்க நேர்க்கு சருவப் பானைக்க மூடியை எறிஞ்சேன். எறிஞ்சது நான்தானான்னு எனக்கே அதிசயமா இருந்துது. பின்ன அந்தப் பசி. வயிறு நிறையத் தின்னு கை கழுவி வந்து இருந்தா, பத்து நாள் பட்டினி கிடந்தவ போல கை நடுங்கும்.

அப்பத்தான் ரத்தம் பாத்து, கொலஸ்ட்ரால் கூடுதல், சர்க்கரையும் பிரஷரும் ஏறியிருக்குன்னு சொன்னாவ. மருந்து எழுதித் தந்த டாக்டர், தேங்காயையும் அதை ஆட்டின வெளிச்செண்ணெயையும் நிறுத்தச் சொன்னாரு. அந்தக் காலம் உனக்குத் தெரியுமே, பஸ்ஸிலயும் கல்யாண வீட்டிலயும் இதே பேச்சாக்கும். ஏதோ இத்தனை தலைமுறையா நம்ம தென்னை நமக்கு விஷம் தந்தது போல. உங்க அப்பா அன்னைக்கே தேங்காய் துருவியைக் கயித்தில கட்டி பரணில ஏத்தினாவ. வீட்டு வளப்பில முப்பது மூடு தென்னையை வச்சுக்கிட்டு நாலு மாசம் தேங்காய் இல்லாத அவியல் வச்சேன். அதை அவியல்னு சொல்ல எனக்கு நாக்கு கூசும். மக்கா, அந்த நாலு மாசமும் நான் ஒரு கீத்து தேங்காய் வாயில போட்டதில்ல. இது சத்தியம். ஆனா எனக்க உடம்புத் தடி குறையல்ல, கூடிச்சு. "மைனி அடுக்களையில தனியா நிக்கும்போ ஆரு கண்டா"ன்னு உங்க அத்தை சொன்னா. உங்க அப்பா தேங்காய் போட்டிருந்த ஸ்டோர் முறிக்குப் பூட்டு போட்டு சாவியை மடியில சொருகினாவ. கல்யாணம் கழிஞ்சு இருபத்தாறு வருஷத்தில அந்தப் பூட்டைப் போல எனக்கு ஒரு அவமானம் வந்ததில்ல.

நாலு மாசம் முடிஞ்சு திரும்ப ரத்தம் எடுக்கணும், வெறும் வயித்தில வரணும்னு நீ சொன்னே. முந்தின நாள் சாயங்காலம் உங்க அத்தை வீட்டில பேரனுக்குப் பிறந்தநாள். இலையப்பம் ஒண்ணு உனக்குன்னு தந்து விட்டிருந்தா. வாழையிலையில தேங்காயும் கருப்பட்டியும் வச்சு மடக்கி அவிச்சது. நீ வந்ததும் தரலாம்னு அடுக்களையில மூடி வச்சேன், நீ தின்னுட்டு வந்தேன்னு சொல்லிப் படுத்துட்டே. காலம்பற அஞ்சு மணிக்கு அடுப்பு பத்த வைக்கப் போனவ, அதைத் தொறந்து பாத்தேன். பாக்க மட்டுந்தான் நினைச்சேன். முடிஞ்ச பிறகுதான் தின்னுட்டேன்னே தெரிஞ்சுது. இலையை எருக்குழியில தாத்தி மூடினேன். வாயை மூணு தடவை கொப்பளிச்சேன். நாலு மாசம் உண்மையா இருந்துட்டு, உண்மை வேண்டிய அந்த ஒரு நாள் கள்ளியாயிட்டேன்.

ஏழு மணிக்கு லேபில வச்சு, "அம்மா, வல்லதும் தின்னியா"ன்னு நீ கேட்டே. "வெள்ளம் மட்டும் குடிச்சேன்"னேன். ரப்பர் குழாயைக் கெட்டி, எனக்க கையைத் திருப்பிப் பிடிச்சு நரம்பு தேடினே. கொஞ்ச நேரம் அந்தக் கையையே பாத்துக்கிட்டிருந்தே. பிறகு குத்தினே. ரத்தத்தை மெஷின்ல சுத்தி எடுத்தப்போ மேல தெளிஞ்சு நிக்கவேண்டிய நீர், கட்டித் தேங்காய்ப்பால் போல வெள்ளையா நின்னுது. லேப் நடத்துற சாரு அதைத் தூக்கி வெளிச்சத்தில பிடிச்சுட்டு எல்லார் முன்னாலயும் சிரிச்சாரு. மலையாளத்தில, "அம்மச்சி நல்லோணம் கழிச்சிட்டாணு வந்நது"ன்னாரு. நல்லாத் தின்னுட்டுத்தான் வந்திருக்கேனாம். உங்க அப்பா தலையைக் குனிஞ்சாவ. பெஞ்சில காத்துக்கிட்டிருந்தவங்க எல்லாரும் எனக்க வயித்தைப் பாத்தாங்க.

அப்ப நீ சொன்னே, "சாரே, எனக்க அம்மை தின்னல்ல. தின்னிருந்தா நான் நாளை முதல் இங்க வேலைக்கு வாறதில்ல." சாருக்குச் சிரிப்பு நின்னுட்டு. வேலை கிடைக்காம ரெண்டு வருஷம் நீ அலைஞ்சது எனக்குத் தெரியும். அந்த வேலையை எனக்க பொய்யுக்கு மேல கொண்டு வச்சே. வாயைத் திறந்து உள்ளதைச் சொல்லியிருக்கணும். முந்தானையில கையைச் சுத்திக்கிட்டு அங்கே இருந்தேன். இதாக்கும் நான் உன்கிட்ட மறைச்சது. அன்னைக்கு நான் தின்னுட்டுத்தான் வந்தேன் மக்கா. நீ ஒரு கள்ளிக்காக நின்னே.

அதுக்குப் பிறகு எனக்குத் தூக்கம் போச்சு. ஒரு வாரம் கழிஞ்சு, உங்க அப்பா சாப்பிட்டுக்கிட்டிருக்கும்போ நீ சும்மா கேக்குற மாதிரி, "அம்மா, சஷ்டி எப்போ"ன்னு கேட்டே. வெள்ளிக்கிழமைன்னேன். சொல்லும்போதே எனக்கு மனசில மின்னிச்சு. சஷ்டிக்கு எனக்கு விரதமாக்கும், முந்தின நாள் மத்தியானம் ஒரே ஒரு நேரம் சோறு. அதோட சரி, மறுநாள் முருகன் கோயில்ல உச்சபூசை கழிஞ்சு நைவேத்தியச் சோறு தாற வரைக்கும் பச்சைவெள்ளந்தான். அன்னைக்குக் காலம்பறயே கோயில்ல போய் இருந்துடுறேன், ஊர்ப் பெண்ணுங்க எல்லாம் சாட்சி, பூசைக்கு முன்னால வந்து ரத்தம் எடுன்னு சொன்னேன். நீ தலையை ஆட்டினே. எனக்க புத்தியை நானே மெச்சிக்கிட்டேன். ரத்தம் தெளிஞ்சு வந்தா, முதல்ல மெஷின்தான் தப்பினதுன்னு சாரு நினைச்சுக்கிடுவாருன்னு எனக்கு ஒரு கணக்கு. உனக்க சத்தியத்தை நானே நேராக்கித் தாறேன்னு முருகன்கிட்ட வேண்டிக்கிட்டேன்.

முந்தின நாள் ராத்திரி உங்க அத்தையையே எனக்கக் கூடப் படுக்க வச்சேன், வேணும்னே. காலம்பற கோயில்ல பத்துப் பன்னெண்டு பேரு இருந்தோம். எனக்குத் தலை சுத்திச்சு, கண்ணு இருட்டிச்சு, எச்சிலைக் கூட யோசிச்சுத்தான் முழுங்கினேன். பத்தரைக்கு நீயும் லேப் சாரும் ஸ்கூட்டர்ல வந்தீங்க. அவரையே கூட்டிக்கிட்டு வந்தியே, அது உனக்க சாமர்த்தியம். பூவரசு மரத்து மூட்டில என்னை இருத்தி ரத்தம் எடுத்தே. மத்தியானம் நான் நைவேத்தியச் சோத்தில கை வைக்கும்போ உங்க அத்தை வந்து, "மைனி, அன்னைக்கு நான் சொன்னதை மனசில வைக்காதீங்க"ன்னா. இனி வெள்ளையா வராதுன்னு அவளுக்கு உறுதி, எனக்கும் உறுதி. சாயங்காலம் நீ வந்து சொன்னே, அன்னைக்குப் போலவே வெள்ளைன்னு. இருபது மணி நேரத்துக்கு மேல வெறும் வெள்ளம் குடிச்சவளுக்க ரத்தத்தில தேங்காய்ப்பால். லேப் சாரு அதை ஜன்னல்ல பிடிச்சுப் பாத்துட்டு, "நின்றெ அம்ம பறஞ்ஞது நேராணு, எனிக்காணு தெற்றியது"ன்னாராமே. உனக்க அம்மை சொன்னது நேரு, தப்பினது நான்னு ஒரு பெரிய மனுஷன் சொல்லியிருக்காரு. நான் பொய் சொன்ன அந்த முதல் நாளுக்கும் சேத்து அவரு அப்பிடிச் சொன்னதுதான் எனக்குக் குத்திச்சு.

பிறகு நீ ஒரு தடிச்ச புஸ்தகத்தை எங்கேருந்தோ வாங்கிக்கிட்டு வந்து வாசிச்சே. ஒரு நாள் கிணத்தடியில நான் துணி அலசிக்கிட்டிருக்கும்போ, அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டு, "அம்மா, வயித்தில சிவப்பும் நீலமுமா வரி வல்லதும் உண்டா"ன்னு கேட்டே. "எலே, பெத்த தள்ளைக்கிட்ட கேக்குற கேள்வியா இது"ன்னு நனைஞ்ச துணியைத் தூக்கி ஓங்கினேன். நீ நகரல்ல. "உண்டான்னு மட்டும் சொல்லு." உண்டுன்னேன். விரல் தண்டிக்கு இருந்துது, யாருக்கிட்டயும் சொல்லல்ல. நீ அந்தப் பக்கம் பாத்துக்கிட்டே, "அப்ப திருவனந்தபுரத்துக்குப் போவணும்"னே.

அந்தப் போக்கை நினைச்சா இப்பவும் எனக்குச் சிரிப்பு தாங்காது. ஒரு நாள் முழுக்க உள்ள மூத்திரத்தைச் சேத்துக் கொண்டுபோவணும்னு நீ முன்னாலயே ஆஸ்பத்திரி லேபில விசாரிச்சு வச்சிருந்தே. அஞ்சு லிட்டர் பிளாஸ்டிக் கன்னாசு, மூடியை இறுக்கி, பழைய வேட்டியில சுத்தி, பஸ்ஸில மடியில வச்சுக்கிட்டு நீ. அமரவிளைச் செக்போஸ்டில பஸ்ஸை நிறுத்தினாங்க. தமிழ்நாட்டுப் பக்கத்திலேருந்து சாராயத்துக்கு ஸ்பிரிட்டு கடத்துறது ஊருக்கே தெரிஞ்ச காரியம், கன்னாசைக் கண்டா விடுவாங்களா. அந்த ஆபீசர், "எந்தாடா இதில்"னு கேட்டான். "அம்மைக்க மூத்திரம் சார்"னு நீ மரியாதையாச் சொன்னே. கேலி பண்ணுறேன்னு நினைச்சு அவனுக்குக் கோவம் வந்துட்டு. மூடியைத் தொறந்து மூக்கை வச்சான். அவனுக்க முகத்தைப் பாக்கணுமே. பஸ்ஸே சிரிச்சுது. எனக்கு முதல்ல நாணமா இருந்துது. பிறகு உன்னைப் பாத்தேன். நீ மூடியைத் திரும்ப இறுக்கி, கைக்குழந்தையை வைக்குற மாதிரி மடியில எடுத்து வச்சே. கண்டவனுக்க மூத்திரத்தைத் தொடவா பெத்தேன்னு கேட்டவளுக்க மூத்திரமாக்கும் அது. நெய்யாற்றங்கரை தாண்டுற வரைக்கும் நான் வெளியே பாத்துக்கிட்டே இருந்தேன்.

அங்க ஆஸ்பத்திரியில ஒரு டாக்டரம்மா எனக்க முகத்தைப் பாத்ததுமே பாதியைப் புரிஞ்சுக்கிட்டா. சோதனை எல்லாம் முடிஞ்சு ஸ்கேனும் எடுத்த பிறகு, இடது கிட்னிக்கு மேல உள்ள சின்ன சுரப்பியில ஒரு கட்டி, அது கார்ட்டிசோல்னு ஒரு ஹார்மோனை ஓயாம சுரக்குதுன்னு சொன்னா. எனக்குப் புரியல்ல. வார்டு வராந்தாவில வச்சு நீதான் சொல்லித் தந்தே. நம்ம கிணத்து மோட்டாருக்க சுவிட்ச் கெட்டு, டேங்கு நிறைஞ்ச பிறகும் ஓடிக்கிட்டே இருந்தா எப்பிடியோ, அப்பிடின்னே. ஆபத்து வருது, பட்டினி வருதுன்னு உடம்புக்கு அவசரம் காட்டுற ஹார்மோனாம் அது. அதைக் கேட்டு உடம்பு கை கால்ல உள்ள சதையைக் கரைச்சு சர்க்கரை ஆக்கும். சேத்து வச்ச கொழுப்பை இளக்கி ஈரலுக்கு அனுப்பும். ஈரல் அதைப் பொதி கட்டி ரத்தத்தில விடும். ரத்தம் அதைச் சுமந்துக்கிட்டுப் போய் முகத்திலயும் பிடரியிலயும் வயித்திலயும் இறக்கும். இறக்கி முடியுறதுக்குள்ள அடுத்த பொதி வந்துடும். அப்ப நான் வாயில போட்டதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டேன். "நீ பட்டினி கிடந்தாலும் இது நடக்கும் அம்மா. தேங்காய் ஒண்ணும் செய்யல்ல"ன்னே. உங்க அப்பா அதைக் கேட்டுக்கிட்டு நின்னாவ. மடியிலேருந்து ஸ்டோர் முறிச் சாவியை எடுத்து எனக்க தலையணைக்கு அடியில வச்சுட்டு வெளியே போனாவ. மன்னிப்பு கேட்டாவன்னு நான் அதைத்தான் எடுத்துக்கிட்டேன்.

கட்டியை எடுத்தாவ. பெரிய நெல்லிக்காய் அளவாக்கும். அதுக்குப் பிறகு ஒரு வருஷம் மாத்திரை, ஒரு குடம் வெள்ளம் தூக்க ஏலாத தளர்ச்சி. மாசத்துக்கு மாசம் முகம் சுருங்கி நான் பழைய நானாயிட்டு வந்தேன். நீயே ரத்தம் எடுத்துப் பாத்தே. முதல் தடவை கொஞ்சம் மங்கல், அடுத்த தடவை அதிலும் குறைவு, மூணாவது தடவை குழாயை வீட்டுக்கே கொண்டுவந்து முற்றத்தில வெயில்ல பிடிச்சுக் காட்டினே. எள்ளெண்ணெய் போல மஞ்சளாத் தெளிஞ்சு, அந்தப் பக்கம் நின்ன உனக்க விரல் தெரிஞ்சுது. உங்க அப்பா அன்னைக்குப் பரணில ஏறி துருவியை இறக்கி, தானே இருந்து தேங்காய் துருவினாவ. பாதி தேங்காய் தரையில கிடந்துது. எனக்க மகன் கண்டுபிடிச்ச நோயின்னு காஞ்சிரங்குளத்துக் கல்யாண வீட்டில நான் சொன்னப்போ நாலு பேரு அவங்க ரிப்போர்ட்டையெல்லாம் கொண்டுவந்து உன்கிட்ட நீட்டினாங்களே. எனக்க தலை நின்ன உயரத்துக்கு அந்தப் பந்தல் போதல்ல.

ஆனா அத்தனை பெருமைக்கும் அடியில அந்த இலையப்பம் கிடந்துது. எனக்க மகன் என்னை நம்பினான், நான் அவனை ஏமாத்தினேன், முருகன் எப்பிடியோ காரியத்தை நேராக்கினான். இப்பிடித்தான் நேத்து வரைக்கும் நினைச்சிருந்தேன். பிறகு அந்த நோட்டைத் தொறந்தேன். முதல் ரத்தம் எடுத்த நாளுக்க பக்கத்தில, உனக்க கோழிக்கிறுக்கல்ல நீ எழுதியிருக்கே: "அம்மை. காலம்பற ஏழு. தின்னிருக்கு. இலையப்பத்தைக் காணல்ல, வலது பெருவிரல் நகத்துக்க உள்ளே கருப்பட்டி. ஆனா ஒரு இலையப்பத்துக்கு இவ்வளவு வெள்ளை வராது. கை ரெம்ப மெலிவு, நீலம். சஷ்டிக்குத் திரும்ப எடுக்கணும். ஆருக்கிட்டயும் சொல்லாண்டாம்."

உனக்க கட்டில்லயே இருந்துட்டேன் மக்கா. எனக்க கையைத் திருப்பிப் பிடிச்சு நீ அவ்வளவு நேரம் பாத்தது நரம்பை இல்லேன்னு இப்பத்தான் விளங்கிச்சு. எல்லாம் தெரிஞ்சுக்கிட்டுத்தான் அந்தப் பெஞ்சுக்கு முன்னால நின்னு வேலையைப் பணயம் வச்சியா. சஷ்டி எப்போன்னு சும்மா கேட்டியே, அதுவும் உனக்க ஏற்பாடுதானா. நான் எனக்க புத்தின்னு மெச்சிக்கிட்டு நடந்தேன். ரெண்டு வருஷமா ஒரு நோட்டத்தில கூட நீ காட்டல்ல. உன்னைப் பெத்தவ நான்தான், ஆனா உனக்கு இந்த மனசு எங்கேருந்து வந்துதுன்னு கேட்டா, என்கிட்டேருந்துன்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்ல.

அங்க போனா நேரத்துக்குச் சாப்பிடு. மாசம் ஒரு கடிதம் போடு, போன் வேண்டாம், பூத்தில நின்னு எனக்குப் பேச்சு வராது. பின்ன ஒரு காரியம். அங்கேயும் ஆராவது ஒரு தள்ளை வெறும் வயிறுன்னு சொல்லிக்கிட்டு கையை நீட்டுவா. பாஷை தெரியாது, நாடு தெரியாது, ஆனாலும் நகத்தைப் பாரு. பாத்ததை அவளுக்க முகத்துக்கு நேரா எடுத்து வைக்காத. இன்னொரு நாள் வரச் சொல்லு. இதை நான் உனக்குச் சொல்ல வேண்டாம், நீ எனக்குச் செய்ததைத்தான் திரும்ப உன்கிட்ட சொல்லுறேன்.

கைப்பையில இலையப்பம் வச்சிருக்கேன், சேந்த அன்னைக்கே தின்னுடு, கெட்டுப்போவும். உங்க அப்பா பத்துன்னு சொல்லியிருப்பாவ. பிரிச்சுப் பாத்தா ஒம்பதுதான் இருக்கும். ஒண்ணை இதை எழுதிக்கிட்டிருக்கும்போ நான் தின்னேன். இந்தக் காகிதத்துக்க ஓரத்தில கறுப்பா ஒரு விரல்பாடு உண்டு, மைன்னு நினைக்காத, கருப்பட்டியாக்கும். துடைக்காமத்தான் வச்சிருக்கேன்.

உனக்க அம்மா